அரைப்பேர்

உயர்தரத்தில் நான் எடுத்த மூன்றாவது பாடம்
கிரேக்க உரோம நாகரிகம்.
எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்குப் புத்தகம் இல்லை.
மிஸ் ஹட்டனிலிருந்து கொண்டுவந்த போட்டோகொப்பியில்
தேவர்களின் முகமெல்லாம் கரி.
சேயுஸ் எவர் பொசைடன் எவர் என்று
தாடியை வைத்துப் பிரிக்க முடியவில்லை.

வீரர்கள் பேருக்காகச் செத்தார்கள் என்று
மிஸ் சொன்னபோது
கடைசி வாங்கில் யாரோ சிரித்துவிட்டாள்.
எங்கள் ஊரில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப்பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
நீண்ட ஆயுளா, நிலைத்த பேரா என்று
அக்கிலீசிடம் கேட்டார்களாம்.
எங்கள் செக்ரோலில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

எனக்கு அந்தப் பாடத்தில் சி வந்தது.
இப்போது ஐந்தாம் நம்பர் மலையில்
பூமயிலுக்கு அடுத்த நிரை.

பங்குனி. ஒரு மாதமாய் மழை இல்லை.
மவுசாக்கலையில் தண்ணீர் இறங்கி
முழுகிப்போன பழைய கோயில்
சேற்றிலிருந்து தலையை நீட்டியிருந்தது.
அன்று பூமயில் பத்தொன்பது கொண்டுவந்தாள்.
முக்காலியில் தொங்கும் தராசுக்கு
ஒரே ஒரு வட்டக் கண்.
கணக்கப்பிள்ளை அதைப் பார்க்காமலே சொன்னார்:
சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு.
பதினேழு. அரைப்பேர்.

"தண்ணியா?" என்றாள் பூமயில்.
வேறொன்றும் சொல்லவில்லை.
மறுநாள் பெரட்டுக்கு வந்தாள்,
மலை ஏறவில்லை.
ரோட்டோரக் கல்லில்
நீர்த்தேக்கத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

பரீட்சையில் நான் தப்பாய் எழுதியது
அப்போதுதான் விளங்கியது.
அக்கிலீசு கோபித்துக்கொண்டான் என்று
இரண்டு பக்கம் எழுதினேன்.
வேலைக்குப் போகவில்லை என்று எழுதியிருக்க வேண்டும்.
உழைப்பில் கிடைத்ததைப் பெரிய தொரை பிடுங்கிக்கொள்ள,
கப்பலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.
அவ்வளவுதான் கதை.
அவனுக்காவது கடலுக்குள்ளிருந்து அம்மா வந்தாள்.
பூமயிலுக்கு அந்தக் கோயில்தான்,
பாசி பிடித்து, சாமி இல்லாமல்.

இரண்டாம் நாள் தலைவர் வந்தார்.
மூன்றாம் நாள் கங்காணி வந்தார்:
நாளைக்குச் சேர்த்துப் போடுவாங்களாம்.
கூடவே தொரை கொடுத்ததாய் ஒரு பக்கெட் தேயிலை.
அதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது.
அக்கிலீசுக்கு ஏழு ஊர் தருவதாய்ச் சொன்னார்கள்.
அவனும் வேண்டாமென்றான்.

நான்காம் நாள் நவமலர்
தன்னுடையது கிழிந்துபோனதென்று
பூமயிலின் படங்கைக் கட்டிக்கொண்டாள்,
பூமயிலின் சாக்கை முதுகில் போட்டுக்கொண்டாள்.
பின்னாலிருந்து பார்த்த கங்காணி
"ஆ, வந்துட்டாளா!" என்றார்.
எனக்குச் சொரேரென்றது.
அந்தப் பகுதி எனக்கு மனப்பாடம்.
நண்பனின் கவசத்தைப் போட்டுப் போனவனுக்கு
என்ன ஆனதென்று தெரியும்.
தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.
யாரிடம் போய்ச் சொல்வது,
பாடக்கொப்பியில் இருக்கிறதென்று?

பத்து மணிக்குக் கல்லிடுக்கிலிருந்து குளவி கிளம்பியது.
எல்லாரும் ஓடினோம்.
நவமலருக்கு ஓட வரவில்லை,
ஏழாம் மாதம்.
சாக்கைத் தலையில் கவிழ்த்துக் குனிந்துகொண்டாள்.
கையெல்லாம் கொட்டியது. கழுத்தெல்லாம்.
முகம் மட்டும் தப்பியது.
பூமயில்தான் கல்லைவிட்டு எழுந்து ஓடினாள்,
அவளைத் தூக்கிக் கொழுந்து லொறியில் ஏற்றினாள்,
டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் இரவு முழுக்க நின்றாள்.
பிள்ளை அசைகிறது என்று
விடியற்காலையில் நேர்ஸ் வந்து சொன்னாள்.

செக்ரோலில் நவமலருக்கு
அன்று அரைப்பேர்.
பத்து மணிக்குமேல் வேலை செய்யவில்லையாம்.

அடுத்த நாள் பூமயில் மலைக்கு வந்தாள்.
கோபம் ஆறிவிட்டதென்றுதான் நினைத்தார்கள்.
நான் நினைக்கவில்லை,
அக்கிலீசு திரும்பி வந்தது ஆறிப்போய் அல்ல.
மத்தியான நிறுவைக்கு வரிசையில் நின்றாள்.
முறை வந்தது.
ஒரு கொழுந்துகூட இல்லாத சாக்கை,
குளவியின் கொடுக்குகள் இன்னும் குத்தி நின்ற சாக்கை,
கொக்கியில் மாட்டிவிட்டு விலகினாள்.

முள் ஆடியது. அரைக் கிலோவுக்கு முன்னாலேயே நின்றது.

"எழுதுங்க" என்றாள்.

கணக்கப்பிள்ளை பென்சிலைப் பார்த்தார்,
புத்தகத்தைப் பார்த்தார்.
எங்களுக்குப் பின்னால் வரிசை
லயம்வரை நீண்டிருந்தது.
ஒருத்தியும் கூடையை இறக்கவில்லை.